முந்திப் போகாத பிள்ளைகள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் சடசடவென்று மழை. வெள்ளிமலை பஸ்ஸில் தாவி ஏறிய சங்கவி, முன்னால் நின்றவன் முதுகில் முட்டிக்கொண்டாள்.

"வழியில நின்னுக்கினு இன்னாங்க பண்றீங்க?"

அவன் திரும்பினான்... அதே கண்கள்! மூக்குக்கண்ணாடியெல்லாம் மழைத்துளியாகச் செழியன்!

ஐந்து வருஷம்... மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி!

கல்வராயன் மலைப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்க வந்த மனோதத்துவ மாணவன் அவன். மலைக்காரியான இவள்தான் துணைக்குப் போனாள். சாமைக்காட்டு வரப்பில் அவன் வழுக்கி விழுந்ததும், சிரித்துக்கொண்டே இவள் கை கொடுத்ததும்... என்ன நாட்கள் அவை! அப்புறம் அவன் எழுதியதைப் படித்தாள். 'இப்பிள்ளைகள் மந்தமானவர்கள்.'

"எங்க பசங்க மந்தமா? எழுதி முடிச்சவங்க பேப்பரக் குடுக்காம, கடைசி ஆளு முடிக்கட்டும்னு காத்துக்கினு இருந்தாங்க! களை எடுக்கும்போதுகூட நாங்க ஒருத்தர ஒருத்தரு முந்திப் போவ மாட்டோம். நீங்க கடியாரத்தத்தான் பாத்தீங்க... பசங்க மொகத்தப் பாக்கல!"

அன்று சீறியவள்தான். அதற்கப்புறம் அவன் கூப்பிட்டபோதெல்லாம் இவள் போனை எடுக்கவே இல்லை. அத்தனை வீம்பு!

இப்போது பஸ்ஸில் காலியாக இருந்தது ஒரே சீட். பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அவன் மடியில் ஒரு கட்டுத் தாள்.

"மறுபடியும் அளக்கப் போறீங்களா?"

"இல்லீங்க... நீங்க படிச்ச அந்தக் கட்டுரைய அன்னிக்கே கிழிச்சிட்டேன். அச்சுல வந்திருந்தா அந்த ஒரு வார்த்தை ஆயுசுக்கும் பசங்க மேல ஒட்டிக்கினு இருக்கும். 'கிழிச்சா பட்டம் கெடையாது'ன்னு வாத்தியாரு வெளிய அனுப்பிட்டாரு. வேற காலேஜுல மொதல்லேருந்து எழுதினேன்... பசங்க ஏன் காத்துக்கினு இருந்தாங்கன்னு. மொதல்ல உங்க ஊருக்குப் படிச்சிக் காட்டணும். அவங்க வேணாம்னா இதையும் கிழிச்சிடுவேன்."

"அஞ்சு வருஷ உழைப்பையா?"

"ஆமா."

சங்கவி இத்தனை நாளாக வைத்திருந்த கோபத்தைத் தேடினாள்... காணோம்!

பஸ் மலை ஏறியது. அவன் குரல் தணிந்தது. "உங்கள நெனைக்காத நாளில்ல, சங்கவி. ரொம்ப லேட்டா வந்துட்டேன், இல்ல?"

அவள் ஈரத் துப்பட்டாவின் நுனியைப் பிழிந்தாள். நிமிர்ந்து பார்க்க வெட்கம்.

"வரப்புல கை குடுத்தன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேங்க... கடைசி ஆளு நீங்க, வரட்டும்னுதான் காத்துக்கினு இருந்தேன்."