ஒரு சாண் திறந்த கதவு

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் உருத்திரமூர்த்தியின் அலுவலகத்துக்குள் வந்தமர்ந்தாள் ஆதிரை. விபத்துகளின் காரணத்தைத் துருவிக் கண்டறிவது உருத்திரமூர்த்தியின் தொழில். உதவியாளர் சிவப்பிரியாவுக்கோ, காரணத்தைவிடக் குற்றவாளியைப் பிடிப்பதில்தான் ஆசை.

"அண்ணை, துள்ளுற குதிரையில விழாமல் இருந்து காட்டுற ரோடியோ விளையாட்டில, குதிரைகள் வெளிய பாயிறதுக்கு முதல் நிக்கிற ஒடுங்கின கூண்டுகளை நான்தான் வடிவமைச்சனான். சனிக்கிழமை நடுக்கூண்டுக் கதவு ஒரு சாண் திறந்து நிண்டிட்டுது. குதிரை உள்ளுக்கையே துள்ளினதில, அதில ஏறியிருந்த கொறற்றி எண்ட எங்கட தமிழ்ப் பிள்ளைக்குக் கால் முறிஞ்சிட்டுது. வடிவமைப்புப் பிழை எண்டு மைதான உரிமையாளர் ஃபால்க் சொல்லுறார். நாளைக்கு எல்லாக் கூண்டையும் வெட்டி எறியப் போயினம்," என்றாள் ஆதிரை.

"சனி காலமை கதவைச் சோதிச்சனீங்களோ?"

"ஓம். விரலால தள்ளவே முழுக்கத் திறந்துது. காட்சி நடக்கேக்க நான் கூண்டுக்குப் பின்னால நிண்டனான். கதவின்ர முகப்பு தெரியேல்லை."

அன்று பிற்பகலே மூவரும் மைதானத்துக்குப் போனார்கள். சனிக்கிழமை மழையில் ரோடியோவுக்கு முன் குதிரைப் பந்தயமும் நடந்ததால், குளம்புகள் வாரியடித்த சேறு கதவுகளில் காய்ந்திருந்தது. நடுக்கதவின் மையத்தில் மட்டும் ஓர் அகலப் பட்டை சுத்தமாக இருந்தது. அது கதவோடு நிற்காமல் பக்கத்துத் தூண் வரை ஓடியது.

"ஆரோ தடயத்தைக் கழுவியிருக்கினம்!" என்றாள் சிவப்பிரியா. கதவைத் திறக்கக் கயிற்றை இழுக்கும் தமிழ்ப் பணியாளர் றெக்ஸ் மீது அவளுக்கு அப்போதே சந்தேகம். உருத்திரமூர்த்தி பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஃபால்க், றெக்ஸ், கொறற்றி எல்லாரையும் அங்கேயே வரச் சொன்னார்.

"தாழ்ப்பாள் இறுகிவிட்டது," என்றார் ஃபால்க், யாரும் கேட்கும் முன்பே.

"தாழ்ப்பாள் இறுகினால் கதவு ஒரு சாண்கூடத் திறந்திராது," என்றார் உருத்திரமூர்த்தி ஜெர்மனில். "ஆகவே றெக்ஸ் சரியாகத்தான் இழுத்தார். தாழ்ப்பாள் விட்ட பிறகு, தொய்வாக இருந்த வேறு ஏதோ ஒன்று கதவை நிறுத்தியது. கழுவியிருந்தால் சேறு கீழே வழிந்திருக்கும். இந்த ஓரமோ கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கிறது. சேறு அடித்த நேரத்தில், கதவையும் தூணையும் சேர்த்து ஒரு துணி மூடியிருந்தது."

றெக்ஸ் தலையில் கைவைத்தார். "விளம்பரத் துணி! கதவில மட்டும் கட்டியிருக்கு எண்டெல்லோ நினைச்சன்!"

சிவப்பிரியாவின் முகம் சிவந்தது. றெக்ஸின் பார்வை போன பக்கம் எல்லாரும் திரும்பினார்கள். ஃபால்க் தொப்பியைக் கழற்றினார்.

"காலைச் சோதனைக்குப் பிறகு நான்தான் துணியைத் தூணோடும் சேர்த்துக் கட்டினேன். கதவு அசையும் என்பது நினைவில் இல்லை. எல்லாரும் ஆம்புலன்ஸை நோக்கி ஓடியபோது அவிழ்த்து ஒளித்தேன். மைதானத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம்."

"இனி அறிக்கையில நான் எழுதப்போறது அதைத்தான்," என்று தமிழில் ஆதிரையிடம் சொன்னார் உருத்திரமூர்த்தி. "ஆனா வாங்கோ, இதையும் பாருங்கோ."

கூண்டின் உட்புறத்தைக் காட்டினார். குளம்பு செருக இடமில்லாமல் பலகைகள் வழவழவென்று இருந்தன. ஏறுபவர் ஒரே தாவலில் பற்றிக்கொள்ளும் உயரத்தில் கம்பி ஓடியது. பின்பக்கத் தடுப்பு ஒரு கையால் தள்ளத் திறந்து குதிரைக்கு வழிவிட்டது. கயிறு இழுப்பவர் நிற்கும் இடமோ கதவின் வீச்சுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

"இவ்வளவு துள்ளியும் குதிரைக்குக் கீறலில்லை. இதை யோசிச்ச மூளைக்குக் கும்பிடு போடவேணும்."

சிவப்பிரியா அந்த வழுவழுப்பான பலகையைத் தொட்டுப் பார்த்தாள். குற்றவாளியை அவள் மறந்தே போனாள்.

ஊன்றுகோலோடு நின்ற கொறற்றி கூண்டருகே நொண்டி வந்தாள். "அந்தக் கம்பி கைக்கெட்டாமல் இருந்திருந்தா நான் குளம்புக்குக் கீழ போயிருப்பன். அக்கா, ஹம்பர்க் மைதானத்திலயும் இப்பிடி ஒரு கூண்டு செய்து தாங்கோ. கால் பொருந்தினதும் நான்தான் அதில முதல் ஏறுவன்."

விபத்து நடந்து நான்கு நாளில் முதல் தடவையாக ஆதிரை அழுதாள்.