வெண்கிணற்றுத் தண்ணீர்ப் புகார்

சனிக்கிழமை காலை ஆனதும் வெண்கிணற்றுக் குடியிருப்பில் எல்லோரும் சட்டையை விலக்கி, விலாவுக்குக் கீழே தோலோடு தோலாகப் பதிந்திருக்கும் சிறு மூடியைத் திருகித் திறந்து, தங்கள் சிறுநீரகத்தை வெளியே எடுப்பார்கள். அதைப் பேர் எழுதிய கிண்ணத்தில் போட்டு மேலே காடியை, அதாவது வினிகரை, ஊற்றுவார்கள். காடி சலசலவென்று பொங்கும். பிறகு பொதுத் தாழ்வாரத்து பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவார்கள்.

சிறுநீரகம் என்பது பேச்சுக்குச் சொல்வது. உண்மையில் அது வடிகலம். உள்ளங்கைக்குள் அடங்கும் சல்லடைக் கருவி. செவ்வாய்க் கிரகத்தின் அந்தப் பாலைவனத்தில் ஆழத்திலிருந்து இறைத்த தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் அளவுக்கு மீறி இருந்தன. பூமியிலிருந்து கொண்டுவந்த சிறுநீரகங்கள் சில ஆண்டுகளிலேயே கல் கட்டிக் கைவிரித்துவிட்டதால் எல்லோருக்கும் வடிகலம் பொருத்தினார்கள். வாரம் முழுக்க அதிலும் வெள்ளையாகப் படியும். காடியில் ஊறவைத்தால்தான் கரையும். ஊறுகிற நேரத்தில் தலை கிறுகிறுக்கும். அதனால் எழுந்து நடமாடக் கூடாது, தனியாக இருக்கவும் கூடாது என்பது மருத்துவமனையின் கண்டிப்பு.

கோதைநாயகி தன் கணவன் அருள்ஞானத்தோடு முதல் விண்கலத்திலேயே அங்கே வந்தவள். சவர்த்தண்ணி செய்த கூத்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சோப்பு நுரைக்காது, திரிந்த பாலைப்போலத் திரிதிரியாக மிதக்கும். பருப்பு எவ்வளவு கொதித்தாலும் விரலுக்கு நசுங்காது. தேநீரின் மேல் பழுப்பாக ஓர் ஏடு படரும். தலைமுடி தேங்காய் நார்தான். சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு ஜுலேகாவோடு உட்கார்ந்து இதையெல்லாம் திட்டித் தீர்ப்பாள். அருள்ஞானம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீரையும் அரசாங்கத்தையும் ஜுலேகாவின் மகளைக் கட்டிய மாப்பிள்ளையையும் சேர்த்துக் கிண்டல் செய்வான். சிரித்துச் சிரித்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

அவன் துளைக்கிணறு வேலைக்காக வெளிமுகாம் போயிருந்தபோது செம்புழுதிப் புயல் அடித்தது. முகாமில் காடி தீர்ந்துபோனது. இரண்டு சனிக்கிழமைகள் தவறின. புயல் ஓய்ந்து வண்டி போனபோது, அவன் வடிகலம் சிமென்ட்டாக இறுகியிருந்தது. ஆளும் இல்லை.

அதற்குப் பிறகு கோதை ஒரே பிடியாக நின்றாள். தண்ணீர்க் குழுவில் சேர்ந்தாள், தலைவியானாள். ஒவ்வொரு கலம் வந்து போகும்போதும் பூமிக்கு முறையிட்டாள். கறுத்த தலையோடு குழுவில் சேர்ந்தவளுக்குத் தலை வெளுத்த பிறகுதான் மென்னீராக்கி வந்தது. ஆழத்துத் தண்ணீரை அது நொடியில் வடித்து, மழைத்தண்ணீர் மாதிரி ஆக்கிக் கொடுத்தது. கூடவே, கழற்றவே தேவையில்லாத புதிய வடிகலமும் எல்லோருக்கும் வந்தது.

முதல் நாள் அவள் தலைக்குக் குளித்தாள். நுரை தோளெல்லாம் வழிந்தது. "பாத்தியா, கொண்டாந்துட்டேன்," என்று செத்துப்போன கணவனிடம் சொல்லிவிட்டு, குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஊரே அன்று அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

அடுத்த சனிக்கிழமை பழக்கதோஷத்தில் தாழ்வாரத்துக்கு வந்தாள். ஒருவரும் இல்லை. சரி, தூங்கட்டும் என்று நினைத்துத் திரும்பிவிட்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. கொஞ்ச நாளில் யார் வீட்டில் என்ன என்பதே தெரியாமல் போயிற்று. சாப்பாட்டைச் சுமைப்பொறி என்ற எந்திர ஆள் வாசலில் வைத்துவிட்டுப் போனது. வேலை திரையிலேயே முடிந்தது. தேநீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. ஆனால் ஏடு படராத அந்தத் தேநீர் அவள் நாக்குக்கு யாருடையதோபோல இருந்தது.

ஒருநாள் சுமைப்பொறி ஜுலேகா வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவதைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள். இதய அறுவை முடிந்து வந்தவருக்கு என்றது அது. ஜுலேகா மருத்துவமனையில் ஒரு மாதம் கிடந்து, வீடு திரும்பியும் இருந்தாள். ஒரே சுவர்தான் நடுவில். கோதைக்குத் தெரியவில்லை.

கதவு வரை போனவளுக்குத் தட்டக் கை வரவில்லை. இத்தனை நாள் வராதவள் இப்போது எந்த முகத்தோடு போவது? என்ன சொல்லி உள்ளே நுழைவது? திரும்பி வந்து ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மறுபடி போனாள்.

"யாரு… கோதையா? வாம்மா, உள்ள வா." ஜுலேகா பாதியாக இளைத்திருந்தாள்.

"இல்லக்கா, ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். எங்க வீட்டுத் தண்ணி ரெண்டு நாளா நாறுது. உங்க வீட்லயும் அப்படித்தானா?"

ஜுலேகா தம்ளரை வாங்கி முகர்ந்தாள். "இல்லையேம்மா, ஒண்ணுமே…" என்றவள் நிமிர்ந்து கோதையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மறுபடி முகர்ந்தாள். "ஆமா. லேசா நாறத்தான் செய்யுது. உக்காரு, நல்லா மோந்து பாத்துச் சொல்றேன்."

கோதை சாயங்காலம்தான் வீடு திரும்பினாள்.

இரண்டு பேரும் மறுநாள் எதிர்வீட்டுத் தாவீதிடம் கேட்டார்கள். அவருக்கும் நாறியது. அவர் தன் சம்பந்தியிடம் கேட்டார். வாரம் முடிவதற்குள் குடியிருப்பு முழுக்க ஆளாளுக்குத் தம்ளரோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். துருப்பிடித்த வாடை என்றார் ஒருவர். ஈரச் சாக்கு வாடை என்று அடித்துப் பேசினார் இன்னொருவர்.

நீர்ப் பொறியாளர் மெர்லின் முகர்பொறியோடு வந்தாள். வெண்கிணற்றிலேயே பிறந்து வளர்ந்தவள். முகர்பொறி தன் உலோக மூக்கைத் தம்ளரில் விட்டு, "மாசு இல்லை, வாடை இல்லை" என்று அறிவித்தது.

"அதுக்கு ஜலதோஷமா இருக்கும்," என்றார் தாவீது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. மெர்லின் எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு கோதை அவளிடம் தனியாகப் போனாள். பொய் சொன்னது உறுத்தியது. அதுவும் இந்தத் தண்ணீரைப் பற்றி. இது இல்லாமல்தானே அருள்ஞானம் போய்ச் சேர்ந்தான்?

"மெர்லினு, தண்ணியில ஒரு குத்தமும் இல்லம்மா. நாந்தான்…"

"தெரியும் அத்தை."

"அவரு இருந்தா என்னைக் காறித் துப்பியிருப்பாரு."

"மாமாவா? அவருதான் முதல் ஆளா நாறுதுன்னு சொல்லியிருப்பாரு. அதையும் நாலு விதமா சொல்லியிருப்பாரு." மெர்லின் சிரித்தாள். "எனக்கும் வீட்ல பேச ஆள் இல்ல அத்தை. விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் நீர்த்துறையிலிருந்து ஆணை வந்தது. வாடையின் காரணம் தெரியும்வரை ஒவ்வொரு வீட்டாரும் சனிக்கிழமை காலை தாழ்வாரத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீரோடு வரவேண்டும். தண்ணீரை ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பக்கத்தில் இருப்பவர் முகர்ந்து கருத்துச் சொல்லவேண்டும். அவரவர் தண்ணீரை அவரவரே முகர்ந்தால் செல்லாது.

ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தார்கள். ஜுலேகாவைக் கோதை கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். எதிர் பெஞ்சில் ஓர் இடத்தை மட்டும் யாரும் சொல்லாமலே காலியாக விட்டிருந்தார்கள். கோதை அதற்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். ஜுலேகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மாப்பிள்ளையைத் திட்ட ஆரம்பித்தாள்.

மாதாமாதம் பூமிக்கு அறிக்கை போயிற்று. "தண்ணீர்ப் பிரச்சினை நீடிக்கிறது. சோதனை தொடர்கிறது." மெர்லின் வேறொன்றும் எழுதுவதில்லை.

பூமியில் குடியேற்ற வாரியம் அந்த அறிக்கையையும் கூடவே வந்த நீர்த்துறை ஆணையையும் கவலையோடு ஆராய்ந்தது. வாரியத்தில் ஒன்பது உறுப்பினர்கள். ஒரே நகரத்தில், ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். தத்தம் அறையில் இருந்தபடியே திரை வழியாகக் கூடினார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

"இந்தக் காலத்துலயும் வாரா வாரம் ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்து காத்திருக்காங்களாம். பாவம்!" என்றார் ஒருவர். மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

வெண்கிணற்று மக்கள் இனி எதற்காகவும் வீட்டை விட்டு வெளியே வரத் தேவையில்லாதபடி, வீட்டுக்கு ஒரு முகர்பொறியை அடுத்த கலத்திலேயே அனுப்புவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். நல்ல காரியம் ஒன்றைச் செய்த நிறைவோடு திரையை அணைத்தார்கள். பிறகு ஒன்பது பேரும் ஒன்பது அறைகளில் தனித்தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.