மூன்றாம் எண் டிஸ்க்

செவ்வாய்க்கிழமை காலை புதுச்சத்திரத்தில் உஷாராணியின் வீட்டுக்கு வந்த இளைஞர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையிலிருந்த காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

“பேரு ஈஸ்வருங்க. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருந்து வாரேன். ஞாயித்துக்கிழமை என்ற ஊட்டுல ஆள் புகுந்துட்டாங்க.”

“என்ன காணோம் தம்பி?”

“ஒண்ணு காணோமுங்க. ஆனா அந்த எடத்துலயே புதுசா வேறொண்ணு இருக்குது.”

உஷாராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். காவல்துறையின் கைரேகைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவர். இந்த மாதிரி புகாரை அவர் கேட்டதில்லை. அவருக்குக் கார் ஓட்டும் மணியன் கதவருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். இருபத்தைந்து வருடம் போர்வெல் ரிக் லாரி ஓட்டிய மணியனுக்கு, துப்பறிவதில் உஷாராணியைவிட ஆர்வம் அதிகம்.

ஈஸ்வர் ஒருவழியாக உட்கார்ந்து விவரம் சொன்னார். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். மாடி அறையில் சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருக்கிறார்.

“பொட்டி ஒண்ணுதாங்க. உள்ளுக்குள்ள ஆறு கம்ப்யூட்டர் தனித்தனியா ஓடுற மாதிரி பண்ணி வெச்சிருக்கறேன். ஒண்ணுல கம்பெனி வேலையைப் பழகிக்குவேன். ஒண்ணுல ராசிபுரத்துல அப்பாவோட தறிக் கொட்டாய் கேமரா ஓடும். ஒண்ணுல என்ற சம்சாரம் சௌந்தர்யாவோட சேலை ஆர்டரு. இதெல்லாம் போக, ஊட்டுப் போட்டோ, வீடியோ எல்லாமே அதுலதான் இருக்குது.”

“அத்தனையும் எதுல பதியுது?”

“நாலு டிஸ்க்குங்க. ரெண்டு ரெண்டா ஜோடி. ஒண்ணுல எழுதறதை ஜோடியிலயும் அப்படியே எழுதிக்கும். ஒண்ணு செத்துப்போனா புதுசு போட்டாப் போதும், அதுவே ஜோடியைப் பாத்து நகல் எடுத்துக்கும். எடம் பத்தலைன்னு நேத்து இன்னும் ரெண்டு டிஸ்க் போடலாம்னு பொட்டியைத் தொறந்தேன். மூணாம் நம்பர் டிஸ்க் என்னுதே இல்லைங்க. வேற கம்பெனி. பளபளன்னு புதுசு.”

“அப்படின்னா, பழைய மூணாம் நம்பரை எடுத்துட்டுப் போனவன் கையில உங்க ஊடே இருக்குதுன்னு சொல்லுங்க!” என்றார் மணியன்.

“அதேதாங்க. புதுசைப் போட்டுட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிருக்கறான்.”

“யார்னு தெரியுமா?” என்று கேட்டார் உஷாராணி.

“கௌதமனாத்தான் இருக்கோணும், இந்தப் பொட்டியோட உள்வேலை தெரிஞ்ச வெளியாளு அவன் ஒருத்தன்தானுங்க. நாமக்கல்ல ஒரு காலேஜ்ல லேப் பாத்துக்கறான். என்ற சிநேகிதன். இப்ப இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேருமாத்தான் இந்த சர்வரைப் பெருசு பண்ணினோம், அப்ப டிஸ்க்கெல்லாம் ஜோடி சேக்கலை. என்ற பையன் கவின் பொறந்ததுல இருந்து பதினோரு மாசத்து வீடியோவை ரெண்டாம் நம்பர் டிஸ்க்குல போட்டு வெச்சேன். மத்த மூணையும் அழிச்சுரு, ரெண்டை மட்டும் தொடாதேன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பாத்தா ரெண்டுல ஒண்ணுமே இல்லை. தவழ்ந்தது, மொதமொதல்ல நின்னது, எல்லாம் போச்சு. அவன் வாயே தொறக்கலை. ‘தப்பு ஆயிப்போச்சு’ன்னு ஒத்தை வார்த்தை. அன்னைக்கோட சரி. போன் நம்பரைக்கூடத் தடுத்து வெச்சுட்டேன்.”

கையிலிருந்த காகிதம் போலீஸ் புகார். வியாழக்கிழமை கௌதமன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். புகார் பதிவானால் அந்தப் பயணம் நின்றுவிடும்.

“போகட்டுமேன்னு விட முடியலைங்க. கம்பெனி ஃபைலும் அதுல இருக்குது. நான் பதில் சொல்லோணும்.”

“எங்கிட்ட வரச் சொன்னது யாரு?”

“சௌந்தர்யாதாங்க. போலீசுக்குப் போறதுக்கு முன்னால உங்களைப் பாத்துட்டுப் போங்கன்னு ஒரே பிடிவாதம்.”

“நல்லது. இந்தக் காகிதம் சாயங்காலம் வரைக்கும் உங்க சட்டைப் பையிலயே இருக்கட்டும்” என்று எழுந்தார் உஷாராணி.

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் முன்கதவுப் பூட்டில் கீறல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் காலை எட்டு மணிக்கு மூவரும் கிளம்பிப்போய், இரவு எட்டு மணிக்குத் திரும்பியிருக்கிறார்கள். சௌந்தர்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு வயதுக் கவின் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே மாடிக்கு வந்தான்.

பெட்டியின் மேற்பலகையில் மெல்லிய தூசி படிந்திருந்தது. முன்பக்கக் காற்றாடியின் வலை மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

“நீங்க சுத்தம் பண்ணினதா?”

“இல்லீங்க. அதைக் கழட்டி வருஷமாச்சு.”

மணியன் துள்ளினார். “கைரேகை அம்மணி! ரேகையை அழிக்கத்தான் தொடைச்சிருக்கறான்!”

“ரேகையை அழிக்கிறவன் கை பட்ட பலகையைத் தொடைப்பான் மணியன். வலையில ரேகை பதியாது.”

ஈஸ்வர் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். டிஸ்க்குகள் வாங்கிய அன்றே, ஒவ்வொன்றிலும் அச்சிட்டிருந்த கம்பெனி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை அதில் எழுதி வைத்திருந்தார். ஒன்று: 417. இரண்டு: 826. மூன்று: 193. நான்கு: 605. பிறகுதான் ஒன்று முதல் நான்கு வரை துண்டுச்சீட்டு எழுதி டிஸ்க்குகளில் ஒட்டினாராம்.

“நீங்க ஒவ்வொண்ணா வாசிங்க. நான் பாக்கறேன்” என்றார் உஷாராணி.

ஈஸ்வர் பெட்டிக்குள் குனிந்தார். “சீட்டு ஒண்ணு, 417. சீட்டு ரெண்டு, 193. சீட்டு நாலு, 605. மூணும் நோட்டுல இருக்குதா? இந்த மூணாவதோட நம்பரு மட்டும் நோட்டுலயே இல்லைங்க.”

“ஆமா, இல்லை” என்றார் உஷாராணி. நோட்டை மூடாமல் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வரின் பதிவேட்டை ஈஸ்வர் திரையில் காட்டினார். ஞாயிறு காலை 10.20க்குக் கடவுச்சொல் கொடுத்து முறையாக நிறுத்தியிருக்கிறார்கள். 10.45க்கு மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறது. புது டிஸ்க்கில் நகல் முடிந்தது மாலை ஆறு மணி. 6.10க்கு அதே அறையிலிருந்து யாரோ திரையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

“கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் சௌந்தர்யாவுக்கும்தாங்க. அவன் எப்படியோ உடைச்சிருக்கறான்.”

“டிஸ்க் கெட்டுப்போச்சுன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மெயில் வருமுங்க. டிஸ்க் தகராறு, கரண்ட் போறது, எதுன்னாலும் வரும். மூணு வருஷமா ஒரு மெயில்கூட வந்ததில்லை. அவ்வளவு ஆரோக்கியமா ஓடுது.”

“மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு பகல் பூரா கரண்ட் நிறுத்தறாங்களே. அதுக்கும் வரலையா?”

ஈஸ்வர் போனை எடுத்து மெயில்களைப் புரட்டினார்.

அதுவரை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த கவின், உஷாராணியின் விரலை இழுத்தான். “பாட்டி, இதுக்குள்ள ஒரு பல்லி இருந்துச்சு. டிக் டிக்னு கத்தும். கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா காணோம்.”

“ரொம்ப நாளா இருந்துச்சா சாமி?”

“ரொம்ப நாளா” என்றான் கவின். சௌந்தர்யா அவனைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள்.

உஷாராணி ஈஸ்வரிடம் திரும்பினார். “கௌதமன் நம்பரைக் குடுங்க. நாலு மணிக்கு இங்க வரச் சொல்றேன்.”

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கௌதமன் மாடி அறைக்கு வந்துவிட்டான். ஒடிசலான மனிதன். ஈஸ்வரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கவினைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த சௌந்தர்யா சுவரோரம் நின்றாள்.

“இவன் எதுக்குங்க வந்திருக்கறான்? டிஸ்க் எங்கன்னு கேளுங்க” என்றார் ஈஸ்வர்.

“கேட்கறதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை என்ன நடந்ததுன்னு நான் சொல்றேன். தப்பா இருந்தா திருத்துங்க” என்று தொடங்கினார் உஷாராணி.

“வந்த ஆள் பத்தே முக்காலுக்கே பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டார். திருட வந்திருந்தா அப்பவே போயிருக்கலாம். ஆனா ஆறு மணி வரைக்கும் இதே ஊட்டுல உக்காந்திருந்தார். நகல் முழுசா முடிஞ்சதான்னு பாத்துட்டுத்தான் எழுந்தார். உங்க போட்டோ பத்திரமா இருக்குதான்னு திருடனுக்கு என்ன கவலை?”

ஈஸ்வர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

“காத்துட்டு இருந்த நேரத்துல காத்தாடி வலையையும் கழுவினார். அடைச்ச தூசியால உள்ள சூடு ஏறுதுன்னு தெரிஞ்சிருக்குது. இனி அந்தப் பல்லி. நீங்க தெனமும் அதே அறையில காதுல ஹெட்ஃபோனோட வேலை செய்யறீங்க. உங்களுக்குக் கேக்கலை, புள்ளைக்குக் கேட்டிருக்குது. மூணாம் நம்பர் டிஸ்க் செத்துக்கிட்டு இருந்துச்சு தம்பி.”

“அப்படின்னா மெயில்...” என்றார் ஈஸ்வர்.

“வந்துச்சு. உங்களுக்கு வரலை. சர்வரைப் பெருசு பண்ணின அன்னைக்கு மெயில் முகவரியைப் போட்டது யாரு?”

“நான்தாங்க” என்றான் கௌதமன் மெதுவாக. “சோதிச்சுப் பாக்க என்னோடதைப் போட்டேன். அப்புறம் இவனோடதா மாத்தறதுக்குள்ள சண்டை ஆயிப்போச்சு. மூணு வருஷமா எனக்குத்தான் வருது. ஃபேர்லேண்ட்ஸ்ல கரண்ட் போனா நாமக்கல்ல எனக்குத் தெரியும். ஒரு மாசமா டிஸ்க் கெடுதுன்னு தெனமும் வந்துச்சு. இவனுக்குப் போன் போகாது. ஆளனுப்பிச் சொன்னாலும் என்ற பேச்சுன்னா கேக்க மாட்டான்னு தெரியும். அதான் தங்கச்சிகிட்டச் சொன்னேன்.”

மணியன் வாயைப் பிளந்து சௌந்தர்யாவைப் பார்த்தார்.

“பூட்டு உடையலை, கடவுச்சொல் உடையலை” என்றார் உஷாராணி. “ரெண்டையும் குடுத்தது நீதானேம்மா?”

“நான்தாங்க.” சௌந்தர்யாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் கணவனைப் பார்த்துப் பேசினாள். “பொட்டியில சத்தம் வருது, கௌதமண்ணனை ஒருக்கா பாக்கச் சொல்லலாமான்னு கேட்டேன். அவன் கை பட்டா இந்தப் பொட்டியையே கெணத்துல போட்டுருவேன்னு சொன்னீங்க. அந்த ஜோடியில இன்னொண்ணும் போயிருந்தா, கவினோட மிச்ச வீடியோவும் போயிருக்கும். மறுக்கா என்னால தாங்க முடியாது. நேத்து நீங்க பொட்டியைத் தொறப்பீங்கன்னு நெனைக்கலை. புகார் எழுதினதும் சொல்லிரலாம்னுதான் இருந்தேன், வாய் வரலை. அதான் இந்தம்மாகிட்ட அனுப்பினேன்.”

“பழைய டிஸ்க் இந்த ஊட்டுலதான் இருக்கோணும்” என்றார் உஷாராணி.

சௌந்தர்யா உள்ளே போய், பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்திருந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தாள். “இதுக்குள்ள உங்க குடும்பம் இருக்குது, நான் வெளிய கொண்டுபோக மாட்டேன்னு சொல்லி சமையக்கட்டுலயே வெச்சுட்டுப் போனாரு. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்.”

உஷாராணி அதை வாங்கிப் பார்த்தார். ‘3’ என்ற துண்டுச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. நோட்டைத் திறந்து, அதன்மேல் டிஸ்க்கை வைத்து ஈஸ்வர் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் ஒண்ணு பாக்கி. அதை நான் சத்தமா வாசிக்க வேண்டியதில்லை. நீங்களே பாருங்க.”

“வேண்டாமுங்க” என்று கௌதமன் சட்டென்று எழுந்தான். “டிஸ்க் கெடைச்சுருச்சு இல்லைங்க? அது போதும். அதை விட்ருங்க.”

ஈஸ்வர் டிஸ்க்கைத் திருப்பிக் கம்பெனி எண்ணைப் பார்த்தார். 826. நோட்டைப் பார்த்தார். மறுபடியும் டிஸ்க்கைப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்த டிஸ்க்குகளைக் காலையில் தாமே வாசித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சீட்டு இரண்டு, 193.

அவர் நினைத்திருந்தால் நோட்டை மூடியிருக்கலாம். மூடவில்லை.

“சௌந்தர்யா” என்றார். “நோட்டுல ரெண்டாம் நம்பரு 826. இந்த நம்பரைப் பாத்துத்தான் வீடியோவை இதுல போட்டேன். இதுல நான் மூணுன்னு சீட்டு ஒட்டியிருக்கறேன். ரெண்டுன்னு ஒட்டினது 193ல. சீட்டை மாத்தி ஒட்டினது நான். மூணாம் நம்பரை அழின்னு சொன்னதும் நான். இவன் சொன்னதைத்தான் செஞ்சான்.”

சௌந்தர்யா கௌதமனிடம் திரும்பினாள். “உனக்கு அன்னைக்கே தெரியுமாண்ணா?”

“அன்னைக்குச் சாயங்காலமே பாத்துட்டேன்” என்றான் கௌதமன்.

“ஏன்டா சொல்லலை?” என்று கத்தினார் ஈஸ்வர்.

“சொன்னா என்னாகும்? போனது திரும்பியா வரும்? என்மேல கோவம்னா நான் நாமக்கல்ல இருந்துக்குவேன். நீ தங்கச்சிகூட ஒரே ஊட்டுல இருக்கோணும். புள்ளை வளந்து கேட்டா, எங்கப்பாதான் அழிச்சாருன்னு ஆயிப்போகும். என் பேர் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

சௌந்தர்யா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கணவன் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் மணியன் நினைத்தார். அவள் ஈஸ்வரின் தோளில் கை வைத்து, “அண்ணன் காலையில இருந்து சாப்பிட்டிருக்காது. நீங்களும் சாப்பிடலை. நான் தோசை ஊத்தறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

உஷாராணி விடைபெற்றபோது, நண்பர்கள் இருவரும் அவரைக் கேட் வரை கொண்டுவந்து விட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மணியன் வண்டியைக் கிளப்பினார். திறந்திருந்த கண்ணாடி வழியாகப் பின்னால் ஈஸ்வரின் குரல் கேட்டது.

“வியாழக்கிழமை எத்தனை மணிக்கு ஃப்ளைட்டு?”

“மத்தியானம். திருச்சியில இருந்து.”

“திருச்சிக்கு எப்படிப் போறே?”

“பஸ்லதான்.”

“பொட்டி படுக்கையோட பஸ்லயா போவே?” என்றார் ஈஸ்வர். கொஞ்சம் பொறுத்து, “காலையில ஏழு மணிக்கு உன்ற ஊட்டு வாசல்ல வந்து நிக்கறேன். ரெடியா இரு” என்றார்.