மாநாட்டுக்கு வருகிறவர்கள் கிறிஸ்ரி வீட்டில் தங்க வேண்டாம்

மன்னாருக்கு மாநாட்டுக்கு வருகிறவர்கள் போத்தல் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிணறுகள் உப்பு. தெருவில் கழுதை படுத்திருந்தால் ஹோன் அடிக்காதீர்கள், அது எழும்பாது. எங்கே வேண்டுமானாலும் தங்குங்கள். தாழ்வுபாட்டில் என் வேலிக்கு அடுத்த பக்கம், கிறிஸ்ரியின் வீட்டில் மட்டும் வேண்டாம்.

சென்னையிலிருந்து டொக்டர் தேன்மொழி வந்திறங்கியது நல்ல வெயில் நேரம். கடலட்டை பற்றிய மாநாடு. மறுநாள் அவள் பேச வேண்டும். கிறிஸ்ரி பூப்போட்ட சேட்டோடு வாசலில் நின்று பல்லைக் காட்டினான்.

"ஏசி இருக்கு, வைஃபை இருக்கு, குளியலறையும் உள்ளுக்குள்ளயே இருக்கு."

வேறென்ன உள்ளுக்குள் இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. அவன் சொல்லாததைச் சொல்லத்தானே நான் இருக்கிறேன்.

அந்த அறை முன்பு அட்டை வாடி, கடலட்டை பதப்படுத்துகிற ஓலைக் கொட்டில். அவனுடைய தமையன் பஸ்ரியன் சுழியோடிப் பிடித்த கடலட்டையை அங்கேதான் அவிப்பான். அவித்ததை ஈரமணலில் புதைத்து வைத்தால் மேல்தோல் அழுகி இளகும். பிறகு தோண்டி எடுத்து, கையால் உரசி உரசித் தோலைக் கழற்ற வேண்டும். அந்த நாற்றத்தில் எங்கள் வீட்டுச் சோறு கோழிக்குத்தான் போகும். ஒருவன் புதைத்ததை இன்னொருவன் தோண்டுவதில்லை, அது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ்ரியன் ஒருநாள் புதைத்துவிட்டுக் கடலுக்குப் போனான். திரும்பவில்லை. தோண்டாத அந்தக் குழிக்கு மேலே கிறிஸ்ரி சீமெந்தைக் கொட்டி, மாபிள் பதித்துவிட்டான்.

"பங்குச் சாமியைக் கூப்பிட்டு ஒரு செபம் சொல்லிப்போட்டாவது கட்டு தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்களுக்கு வேற வேலை இல்லையோ அக்கா?" என்றான்.

இல்லைத்தான்.

தேன்மொழி வந்த அன்று பின்னேரம் இறால் பொரியலைச் சாட்டாக வைத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். கதவு திறந்ததும் அவளுக்கு முன்னால் நாற்றம் வெளியே வந்தது. அழுகிய தோலின் நாற்றம். நாக்கில் ஒட்டிக்கொள்ளும், துப்பினாலும் போகாது.

"அக்கா, கொஞ்ச நேரம்தான் தூங்கினேன். என் காலைப் பாருங்க."

உள்ளங்கால் வெள்ளைவெளேரென்று இருந்தது. தோல் சுருண்டு, நனைந்த கடதாசிபோல் விரலிடுக்கில் தொங்கியது. இரத்தமே இல்லை.

"செருப்புக் கடிச்சதோ பிள்ளை?"

"இல்லக்கா. யாரோ உக்காந்து தேய்ச்ச மாதிரி கனவு."

குளியலறைக்குள் ஒரு சத்தம்.

சரக்... சரக்...

ஈரமணலில் உள்ளங்கை உரசுகிற சத்தம்.

எட்டிப் பார்த்தேன். ஆளில்லை. மாபிள் இடுக்குகளிலிருந்து கறுத்த சளி கசிந்து கிடந்தது, மணலும் தோல் துணுக்குகளுமாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் விரல் தடங்கள் விழுந்தன.

வாசல் பக்கமாக.

"சாமானை எடு. என்ர வீட்டுக்கு வா."

"நாளைக்குப் பேசணும்க்கா. இப்பப் போய் எப்படி..."

"தோல் இருந்தாத்தானே பிள்ளை பேசுவாய்!"

இழுத்துக்கொண்டு வந்தேன். கிறிஸ்ரி வேலிக்கு மேலால் தலையை நீட்டினான்.

"என்ர விருந்தாளியைக் கடத்திறியளோ?"

"குளியலறைக்குள்ள கொண்ணன் பஸ்ரியன் நிக்கிறான். அவனிட்டப் போய்க் கேள்!"

அவன் முகம் செத்துப்போனது. கேட்கப் போகவில்லை.

உப்புத் தண்ணீரால் அவள் காலைக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, செபமாலையைக் கையில் கொடுத்துப் படுக்க வைத்தேன். மறுநாள் சப்பாத்துக்குள் பஞ்சு வைத்துப் போய்ப் பேசினாள். ஊருக்கும் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை தப்பிவிட்டாள் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

நேற்று வீடியோ கோல் எடுத்தாள். முகம் வழுவழுவென்று பளபளத்தது. புருவங்களைக் காணவில்லை.

"கால் எப்படிப் பிள்ளை?"

"கால் முடிஞ்சிருச்சுக்கா."

போனில் மணம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மூக்கைப் பொத்தினேன். அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. கன்னத்துத் தோல் மட்டும் தானாக ஒருபக்கம் இழுபட்டு, மடிந்து, மெல்லக் கழன்றது.

அவள் சிரித்தாள்.

"பயப்படாதீங்கக்கா. இப்பல்லாம் அவர் மெதுவாத்தான் தேய்க்கிறார்."