சீமைக் கோட்டையில் மேய்ந்த ஆடு

தருமலிங்கத்தின் அலுவலகம் பொன்னேரியில் ஒரு பரோட்டாக் கடையின் மேல்மாடியில் இருந்தது. வருகிறவர்கள் முதலில் சால்னா வாசனையைச் சந்திப்பார்கள், பிறகு அவரை. இரண்டில் எது அதிக நம்பிக்கை தந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் நீதிமன்றத்தில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்மனோடு போய்க் கதவைத் தட்டினால் "ஊர்ல இல்லீங்க" என்று சொல்லப்படுகிறவர்களைத் தேடிப் பிடிப்பதிலேயே சர்வீஸ் முழுதும் கழிந்தது. அதே வேலையை இப்போது 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிக்கொண்டு செய்தார்.

"பெரிய மூளையெல்லாம் கிடையாது" என்பார். "ஊர்ல இல்லைன்னு சொல்லப்பட்ட ஆளுங்க முக்கால்வாசிப் பேர் கொல்லைப்புறத்துலதான் நின்னுட்டு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவருக்கு உதவி துளசிங்கம். நாற்பதைத் தாண்டியவர், பழவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சைக்கிள் காணவில்லை என்று யாராவது வந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பிணம் இருந்தே தீரும் என்பது அவர் கட்சி.

அன்று காலை அவருடைய ஆட்டோவிலேயே அஃப்ஷான் வந்து இறங்கினாள். நிறைமாதத்துக்கு ஒரு மாதம் குறைவு. படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்த பிறகு, கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"சார், இந்தப் போட்டோவை எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியணும்."

படத்தில் ஓர் இளைஞன். கழுத்துவரை ஜிப் இழுத்த தடித்த ஜாக்கெட், தலையில் கம்பளிக் குல்லா, மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. பின்னால் புதர் மண்டிய மேடு, சிதைந்த செங்கல் சுவர். சுவரில் முன்னங்காலை வைத்து எக்கி, முள்மரத்துக் காயை இழுத்துத் தின்கிறது ஒரு கறுப்பு ஆடு. அதன் கழுத்தில் வெள்ளையாக ஏதோ தொங்குகிறது. ஓரத்தில் பாசி படர்ந்த தண்ணீர். படம் எடுத்தவரின் நிழல் குட்டையாக முன்னால் விழுந்திருந்தது. இடுப்புக்குக் கீழே அது பாவாடைபோல் அகன்றிருந்தது.

"இவங்க உவைஸ், என் வீட்டுக்காரர். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய் அஞ்சு மாசம் ஆச்சு. போன வாரம் இதை அனுப்பி, 'எண்ணூறு வருஷத்துக் கோட்டை பார்க்க வந்தேன், இடிஞ்சுபோய் மேடுதான் மிச்சம்'னு எழுதியிருந்தாங்க. தெருவே வாங்கிப் பார்த்துச்சு. எல்லாரும் கோட்டையைப் பார்த்தாங்க. நான் நிழலைப் பார்த்தேன்."

துளசிங்கம் எட்டிப் பார்த்தார். "கவுனு. வெள்ளைக்காரி சார்."

"கொஞ்சம் சும்மா இரு துளசி."

"பரவால்ல சார். நானும் அதைத்தான் நினைச்சேன்." அவள் குரல் நேராக இருந்தது, துப்பட்டா நுனியை முறுக்கிய விரல்கள் மட்டும் நேராக இல்லை. "வீடியோ கால் வரமாட்டாங்க. நெட்டு சரியில்லையாம். தங்கற ரூமைக் காட்டுங்கன்னா பேச்சை மாத்துறாங்க. வெள்ளிக்கிழமை என்னைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க இவங்க இன்னொரு குடும்பம் வெச்சிருந்தா, நான் பிள்ளையோட இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன். அதுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும்."

தருமலிங்கம் படத்தைப் பெரிதாக்கி ஆட்டின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "உங்ககிட்ட பிரியமா பேசறாரா?"

அவள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அதுதான் சார் புரியல. ஆஸ்பத்திரிக்கு செக்கப் போற நாள்ல மறக்காம கூப்பிடுவாங்க. 'இந்த வெயில்ல குடை இல்லாம ஏன் நடந்து போனே'னு திட்டுவாங்க. மாமிதான் போட்டுக் குடுக்கறாங்க போல."

"இந்தப் படம் வந்தது?"

"அதுவும் செக்கப் நாள்தான். டாக்டரைப் பார்த்துட்டு வெளில வந்து உக்காந்தேன், வந்துச்சு."

"அடுத்த செக்கப்?"

"புதன்கிழமை."

அவள் போன பிறகு துளசிங்கம் தன் முடிவை அறிவித்தார். "ஏஐ சார். கம்ப்யூட்டர்ல பண்ணது. கோட்டைன்னு சொல்றான், கோட்டையே இல்ல பாருங்க. ஆளை எப்பவோ முடிச்சிட்டானுங்க."

"கோட்டை இல்லாததால பொய்னு சொல்ல முடியாது." தருமலிங்கம் துளசிங்கத்தின் கைபேசியை வாங்கி இங்கிலாந்தின் இடிந்த கோட்டைகளைத் தேடி எடுத்தார். "பார். பாதிக் கோட்டை இப்படித்தான், வெறும் மேடும் பள்ளமும். ஆனா புல்லைப் பாரேன், முடிவெட்டுக் கடைக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு. விளக்கப் பலகை, உக்கார பெஞ்சு, நடக்கப் பாதை. இடிஞ்சதைக்கூட வாரிச் சீவி வெச்சிருக்காங்க. நம்ம பையன் படத்துல சீப்பே படலை."

"அந்த முள்ளுமரம் சீமைக்கருவேலம்தானே சார்? பேரே சீமைன்னு சொல்லுதே."

"பேரு மட்டும்தான். குளிர்ல அது தாங்காது." அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "வண்டியை எடு. முதல்ல மாமியாரைப் பார்க்கலாம்."

பழவேற்காட்டில் மாமியார் அக்தர் பேகம் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னார். குடைப் பேச்சு வந்ததும் கதவுக்கு முன்னால் வந்துவிட்டார்.

"நான் சொன்னேனா? எனக்கு முட்டி வலி. அவ கூட நான் ஒரு நாளாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாத்தானே அவ குடை எடுத்தாளா இல்லையான்னு எனக்குத் தெரியும். மகன் என்கிட்ட பேசறதே, 'நல்லா இருக்கேன்மா, வெச்சிர்றேன்'. அவ்ளோதான்."

தருமலிங்கம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். வாசலில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எதிரே சாலை, சாலையைத் தாண்டினால் பாசி படர்ந்த அகழி, அதற்கு அப்பால் டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டை. கோட்டை என்பது மரியாதைக்குச் சொல்வது. முள் அடர்ந்த மேடு, அங்கங்கே பெயர்ந்த செங்கல், உள்ளே பாம்பு இருக்கிறது என்ற பரவலான நம்பிக்கை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பார்கள். ஊர்க்காரர்கள் ஒருவரும் உள்ளே போவதில்லை.

இடிந்த சுவர்மேல் ஒரு கறுப்பு ஆடு முன்னங்காலை வைத்து எக்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் ஒரு வலை மிதவை ஆடியது.

துளசிங்கத்தின் வாய் திறந்தது. அவர் வாழ்க்கையில் வாய் திறந்தும் பேச்சு வராத முதல் சந்தர்ப்பம் அது. அகழிக் கரையைப் பார்த்தார், தன் ஆட்டோவைப் பார்த்தார். "பத்து வருஷமா இங்கதான் சார் ஸ்டாண்டு போடறேன்" என்றார் கடைசியில், யாரோ இறந்த செய்தியைச் சொல்வதுபோல.

ஆட்டுக்குச் சொந்தக்காரி அங்காளம்மாளின் குடிசை அகழி ஓரத்திலேயே இருந்தது. பக்கத்து ஆட்டுக் கொட்டகைக்கு மழை படாமல் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டியிருந்தாள். பேனரில் கோட்டு, சூட்டு, கூலிங் கிளாஸோடு உவைஸ். 'இங்கிலாந்து செல்லும் எங்கள் மண்ணின் மைந்தனை வாழ்த்தி வழியனுப்பும் தந்தை அபூபக்கர் மற்றும் நண்பர்கள்.'

"மிதவையா? எல்லா ஆடும் ஒரே கறுப்பு. அடையாளம் வோணாவா? அதான் வலையில இருந்த ஒண்ணை அறுத்துக் கட்னேன்" என்றாள் அங்காளம்மாள்.

"கோட்டைக்குள்ள யாராச்சும் வந்து போறாங்களாம்மா?"

"ஒரு பையன் வரான் நைனா. மூஞ்சில துண்டு சுத்திக்கினு வருவான். புதர்ல குந்திக்கினு ரோட்டையே பாப்பான், அப்பால பூடுவான். கூட பசியாவரத்து சாம்சன் வருவான். ஒருவாட்டி அந்த வெயில்ல கம்பளிச் சட்டை போட்டுக்கினு நின்னான், பைத்தியம் போலன்னு வுட்டுட்டேன்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"துண்டு அவுந்தப்போ பாத்தேன். அப்டியே இவன் ஜாடை." அவள் கொட்டகையின் கூரையைக் காட்டினாள். "நாள்பூரா என் ஆட்டுத் தலைக்கு மேல பல்லைக் காட்டிக்கினு படுத்துக்கினு கீறானே, இவனைத் தெரியாதா எனக்கு? ஆனா இவன்தான் சீமைல கீறானே. அதான் வேற யாரோன்னு இருந்துட்டேன்."

தருமலிங்கம் வெகுநேரம் அந்தப் பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏரிக்கு நடுவே தீவாக இருந்த பசியாவரத்துக்குப் படகில் போய்ச் சாம்சனைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தார். போகும்போது இருந்த சிரிப்பு வரும்போது அவரிடம் இல்லை.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடி பெஞ்சில் அஃப்ஷான் உட்கார்ந்திருந்தாள். தருமலிங்கம் சொல்லியனுப்பியபடி கையில் மடக்கிய குடை. பக்கத்தில் அக்தர் பேகம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமனார் அபூபக்கர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்" என்றார் தருமலிங்கம். "படம் எடுத்தது சாம்சன். பசியாவரத்து மீனவர். கைலி கட்டின ஆம்பளையோட நிழலும் பாவாடை மாதிரிதான் விழும்."

"இங்கிலாந்துல கைலியா?" என்றார் அபூபக்கர்.

"இப்படிக் குல்லா போடற குளிர்ல அங்க உச்சி நேரத்துலகூட சூரியன் சாஞ்சேதான் நிக்கும், நிழல் நீளமா விழும். இந்த நிழல் குட்டை. தலைக்கு மேல வெயில் அடிக்கிற ஊரு. உங்க மகன் மேலுதட்டுல வேர்வை. ஆடு கழுத்துல வலை மிதவை. இதையெல்லாம் தெருவே பார்த்துச்சு, ஆனா தினம் பார்க்கற விஷயம், யாருக்கும் உறுத்தலை. எனக்கும் படம் மட்டும் போதலை. குடைதான் காட்டிக் குடுத்துச்சு. நீங்க குடை இல்லாம நடந்ததை வீட்ல யாரும் அவருக்குச் சொல்லலை. அப்ப அவர் அதைப் பார்த்திருக்கணும்."

அஃப்ஷான் நிமிர்ந்து பார்த்தாள். "பார்த்தாங்களா?"

"அது இங்கிலாந்துக் கோட்டை இல்லம்மா." அவர் சாலைக்கு அப்பால் கை நீட்டினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பேருந்து குறுக்கே போயிற்று. அது போன பிறகும் கோட்டை அங்கேயேதான் இருந்தது. அபூபக்கர் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான்தான் ஏர்போர்ட்ல உள்ள அனுப்புனேன். கையாட்டிட்டுப் போனானே."

"போனார். ஏஜெண்டு குடுத்த விசா பொய்னு உள்ள நிறுத்திட்டாங்க. விசாரிச்சு வெளில விட்டப்ப நீங்க எல்லாரும் கிளம்பிட்டீங்க. வழியனுப்ப ரெண்டு வேன் நிறைய ஆளுங்க, மாலை, பட்டாசு, பஸ் ஸ்டாண்டுல பேனர். அவ்வளவையும் தாண்டி எப்படி வீட்டுக்கு வர்றதுன்னு தெரியாம சாம்சன் வீட்டுக்குப் போயிருக்கார். ஒரு வாரத்துல சொல்லிடலாம்னு நினைச்சாராம். அந்த வாரம் இன்னும் முடியலை."

அபூபக்கர் அகழி ஓரத்துக் கொட்டகையைப் பார்த்தார். அங்கே மகன் கூலிங் கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தான். "அந்தப் பேனரை நான்தான் அடிச்சேன்" என்றார்.

"அஞ்சு மாசம்" என்றாள் அஃப்ஷான். "அஞ்சு மாசமா நான் தினம் அழுதேன் சார். படகுல வந்தா பத்து நிமிஷம்." பிறகு கேட்டாள்: "வேற எங்கயும் போய்ப் போட்டோ எடுத்திருக்கலாமே. ஏன் இங்க வந்தாங்க?"

"படம் எடுக்கறதுக்காக வரலைம்மா. இந்த ஆஸ்பத்திரி வாசல் அந்த மேட்டுலேர்ந்து நல்லாத் தெரியும். உங்க ஒவ்வொரு செக்கப்புக்கும் வந்திருக்கார். அன்னிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பிட்டா நீங்க நம்புவீங்கன்னு சாம்சன் யோசனை சொல்லியிருக்கான்." தருமலிங்கம் மேட்டைக் காட்டினார். "இப்பவும் அங்கதான் இருக்கார். நான் போய்க் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரலாம், அமீனா புத்தி அப்படித்தான் சொல்லுது. ஆனா இந்த சம்மனைக் குடுக்க வேண்டியது நீங்க."

அஃப்ஷான் எழுந்தாள். சாலையைத் தாண்டி அகழிக் கரையில் போய் நின்றாள். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைபேசியை எடுத்து, கணவன் பெயரை அழுத்தினாள்.

முள்புதருக்குள் மணி அடித்தது.

சட்டென்று நின்றது. யாரோ அவசரமாக அமுக்கியிருக்கிறார்கள். அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடி அடித்தது. இந்த முறை யாரும் அமுக்கவில்லை.

"கோட்டை பார்த்தது போதும்" என்றாள் அவள், கைபேசியில் அல்ல, நேராகப் புதரைப் பார்த்து. "வெளில வாங்க. முள்ளு பார்த்து."

முதலில் ஆடு வந்தது. அதன் பின்னால் கைலியும் தலைத்துண்டுமாக உவைஸ். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்து வைத்த தடித்த ஜாக்கெட். முட்டிவரை அகழிச் சேறு. அவள் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேப்பமரத்தடியில் அக்தர் பேகம் முட்டி வலியை மறந்து எழுந்து செருப்பைக் கழற்றினார்.

"சார், கொலை இனிமேதான் போல" என்று கிசுகிசுத்தார் துளசிங்கம்.

அஃப்ஷான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது, வெள்ளிக்கிழமைவரை நேரமும் இருந்தது. அக்குளிலிருந்த குடையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பிடிங்க" என்றாள். "வெயிலா இருக்கு. டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன்."

அவன் குடையை விரித்தான். அது இரண்டாம் முயற்சியில்தான் விரிந்தது. அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நனைந்தபடி, சாலையைத் தாண்டி அவளோடு நடந்தான்.