அவசரக்குடுக்கை அடித்த மணி

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். ஆறுவதற்குள் பாலைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் அன்று தியான மண்டபத்து மணியை அடிக்கும் வேலை வந்து சேர்ந்தது. வழக்கமாக அடிக்கும் அண்ணன் பந்து விளையாடிக் கையைச் சுளுக்கிக்கொண்டிருந்தான்.

"மணற்கடிகாரத்துல மணல் முழுசா இறங்கினதும் ஒரே ஒரு தடவ அடி. அதுவரைக்கும் மூச்சு வர்றதையும் போறதையும் கவனி" என்றார் தியானம் சொல்லித்தரும் பிக்குணி அம்மா.

"இவளா? பாதியிலயே அடிச்சிடுவா!" அண்ணன் சிரித்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. இன்று சரியாக அடித்துக் காட்டியே தீருவது என்று முடிவு செய்தாள்.

எல்லோரும் புத்தர் சிலைக்கு முன்னால் கண்மூடி உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் மணிக்குப் பக்கத்தில், முக்காலியில். மூச்சு வந்தது, போனது. மனம் விளையாட்டு மைதானத்துக்கு ஓடியது. இழுத்து வந்தாள். மறுபடி ஓடியது. மறுபடி இழுத்து வந்தாள். கொஞ்ச நேரத்தில் அது சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

'மடக்!' பஸ் ஓட்டும் மாமாவின் முழங்கால். மணி அடிக்கப் போகும் நேரத்தில்தான் அது எப்போதும் சத்தம் போடும். ஆனால் மணல் பாதி மேலேயே இருந்தது.

தையல்கார அத்தையின் வயிறு கடமுடவென்றது. அப்பா பெருமூச்சு விட்டார். முழங்கால் மறுபடி 'மடக்' என்றது. யாரும் கண் திறக்கவில்லை. தனக்குத்தான் பொறுமை போதவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கும் அதே சந்தேகம். மூச்சைக் கவனித்தது போலவே மணலையும் உற்றுக் கவனித்தாள். ஒரு துகள்கூட விழவில்லை. மணல் நடுவில் அடைத்துக்கொண்டிருந்தது!

அடித்தால் அண்ணன் ஆயுசுக்கும் கேலி செய்வான். அடிக்காவிட்டால் இத்தனை பேரும் தவிப்பார்கள். கேலி செய்தால் செய்யட்டும்!

டாங்ங்ங்...

"பாத்தீங்களா! பாதி மணல் இன்னும் இருக்கு!" என்று கத்தினான் அண்ணன்.

"இருக்கு. ஆனா இறங்கல" என்றாள் அவள்.

பிக்குணி அம்மா கடிகாரத்தைத் தட்டினார். மணல் சரசரவென்று இறங்கியது.

"நாங்க எல்லாம் பொறுமையா இருந்தோம். நீ கவனமா இருந்த. அடுத்த வாரமும் நீதான் அடிக்கணும்" என்றார்.

"என் பொண்ணு!" என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி. அவளுக்கு மனம் நிறைந்துபோனது.

எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. கால்கள் மரத்துப் போயிருந்தன. அவசரக்குடுக்கை ஓடி ஓடிக் கைகொடுத்து எழுப்பிவிட்டாள்.

அண்ணனை மட்டும் கடைசியில், மிக மிக நிதானமாக.