பக்கத்துத் தலையணை

முதல் நாள் காலையில் தலையணை உறையில் புள்ளிகள் இருந்தன. ஊசிமுனை அளவில், இளஞ்சிவப்பில், நூற்றுக்கணக்கில். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரு நெற்றியும் இரண்டு கன்னங்களும் தெரிந்தன. முகமெல்லாம் ஊசி வாங்கிக்கொண்டு வந்தவளின் தலையணையில் ரத்தப் பொட்டு இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஆனால் அவள் இரவு முழுக்க மல்லாந்தே கிடந்தாள். கழுத்தின் இரு பக்கமும் போர்வையைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, நர்ஸ் சொன்னது சொன்னபடி, பிணம் மாதிரி.

"தூக்கத்துல புரண்டிருப்பேன்," என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை.

அவளுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துகிற வேலை. ஊரார் முகத்துப் பருக்களையும் தழும்புகளையும் கணினியில் தேய்த்துத் தேய்த்து எடுப்பாள். அங்கே அவளுக்குப் பெயர் 'ரப்பரக்கா'. அவள் முகத்தில் மட்டும் பதினைந்து வயதில் வந்த பருக்கள் விட்டுப்போன குழிகள் அப்படியே இருந்தன. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் 'சல்லடை'. பெயருக்குக் குறைச்சலே இல்லாத பிறவி. தன் படத்தை அவள் திருத்தியதே இல்லை, வெட்டிவிடுவாள். அது சுலபம்.

அந்த வெட்டுதான் வினையானது. போன மாதம் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, என்கிட்ட உன் போட்டோ ஒண்ணுகூட இல்ல, தெரியுமா? எல்லாத்துலயும் ஓரத்துல ஒரு தோள்பட்டை. ரூம்மேட் கேக்கிறா, உங்கம்மா தோள்பட்டை மட்டும்தானான்னு."

"அழகான தோள்பட்டைடி அது."

"விளையாடாத. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். சாயங்காலம் ஃப்ளைட். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வருவேன். உன்னோட ஒரு படம் எடுக்காம போகமாட்டேன். ஓடி ஒளிஞ்சே, கொன்னுடுவேன்."

ரெண்டு வருஷம். யாரோ ஒருத்தர் தன் முகத்தைக் கேட்கிறார் என்பதே அவளுக்குப் புதுசு. அந்த ஒரு படத்துக்காகத்தான் தோல் ஆஸ்பத்திரியில் குழிகளுக்கு இந்த ஊசி.

"ஒரே தடவையில குழி போயிடாது மேடம்," என்று நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டாள். "நாலஞ்சு தடவை ஆகும். ஆனா அஞ்சாவது நாள் சிவப்பெல்லாம் போய்ப் பளிச்சுனு இருப்பீங்க. அதுவரைக்கும் புதுசா பெயின்ட் அடிச்ச சுவருன்னு நினைச்சுக்குங்க. சும்மா சும்மா தொடக்கூடாது. வெயில் கூடாது, அடுப்புச் சூடு கூடாது, வேர்க்கக் கூடாது. பச்சத்தண்ணியில கழுவிட்டு இந்த சீரம் மருந்த நாலு சொட்டு விரலால ஒத்துங்க. தோல் உரிஞ்சா பிய்க்காதீங்க, அதுவா விழும். தலையணை உறைய தினமும் மாத்திடுங்க."

எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தாள். திரைச்சீலைகளை இழுத்துக் குண்டூசி குத்தி மூடினாள்; பட்டப்பகலிலும் வீடு கிணற்றின் அடி போல் இருண்டது. குளியலறைக் கண்ணாடி மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டாள். பாதி திருத்திய படத்தை யாருக்கும் காட்டக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். முகத்துக்கும் அதுவே நியாயம்.

பிசகியது உறை விஷயத்தில்தான். வீட்டில் வெள்ளை உறை இரண்டே இரண்டு. ஒன்று அவள் தலையணைக்கு, இன்னொன்று பக்கத்துத் தலையணைக்கு. கணவர் போய் ஏழு வருடமாயிற்று. மேலுலகத்துக்கு அல்ல, நாலு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்கு. அவர் தலையணை மட்டும் போகாமல் இருந்தது. யாரும் தலை வைக்காத தலையணைக்குச் சுத்தமான உறை எதற்கு? அதைக் கழற்றித் தன் தலையணைக்குப் போட்டாள். புள்ளி விழுந்த உறையை அதற்கு மாட்டினாள். துவைக்கிற வேலை மிச்சம்.

சீரத்தை ஒத்தியபின் விரலில் மிஞ்சியதைக் கழுவ மனசு வரவில்லை. அவ்வளவு விலை. புள்ளி விழுந்த அந்த உறையிலேயே துடைத்தாள்.

"நீயும் கொஞ்சம் பூசிக்கோ," என்றாள் தலையணையிடம். சிரிப்பு வந்தது. ஏழு வருடத்தில் அந்தப் பக்கம் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் காலை, பக்கத்துத் தலையணையில் புள்ளிகள் கூடியிருந்தன. கன்னங்களுக்கு நடுவே மூக்குத் தண்டு. கீழே உதடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மெல்லிய கோடுகள். அவள் தலையணை பளிச்சென்று கிடந்தது.

சீரம் ஊறிப் பரவியிருக்கும் என்று நினைத்தாள். துணியை முகர்ந்து பார்த்தாள். வாசனையே இல்லை. தேநீரிலும் இல்லை. சளி பிடித்திருக்கும்.

அன்றைக்கும் மிச்சத்தை அதில்தான் துடைத்தாள். இந்தத் தடவை நெற்றியில் தொடங்கி, மெதுவாக, ஒத்தி ஒத்தி. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அப்படி ஒத்தி எடுக்க ஒரு கை இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே.

மூன்றாம் நாள் தோல் உரியும் என்று சொல்லியிருந்தார்கள். உரிந்தது. காய்ந்த வெங்காயச் சருகு போல, பொடிப்பொடியாக. பக்கத்துத் தலையணையில். அவள் பக்கம் ஒரு துகள் இல்லை. அந்தத் தலையணையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, ஒரு தலை அளவுக்கு. கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு.

முகம் கழுவும்போது விரலுக்குக் குழி ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. நெற்றி வழவழப்பு. கன்னம் வழவழப்பு. சந்தோஷத்தில் அழுகை முட்டியது. கண்ணீர் வரவில்லை.

மதியம் நர்ஸ் அழைத்தாள்.

"எப்படி இருக்கு மேடம்? எரிச்சல், அரிப்பு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். வழவழன்னு இருக்கு. குழியே இல்ல."

"மூணு நாள்லயா? அப்படி ஆகாதே." எதையோ புரட்டிப் பார்க்கிற சத்தம். "உங்க குரல் ஏன் அமுங்கிக் கேக்குது? வாய்ல துணி எதும் கட்டியிருக்கீங்களா?"

"இல்லையே."

"வீக்கமா இருக்கும். ஒருதடவை கண்ணாடியில பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் என்று வைராக்கியம்.

நான்காம் நாள் ரொட்டித் துண்டு வாய்க்குள் போக மறுத்தது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினாள். வீடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது, திரைச்சீலை ஒன்று கண்ணுக்கு வெகு அருகில் தொங்குவதைப் போல. வீக்கம், என்று நினைத்தாள். இருட்டு, என்று நினைத்தாள்.

அன்று மாலை படுக்கையின் அந்தப் பக்கம் போர்வை மேடாக இருந்தது. அவள் அதை விலக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

மூச்சு. நிதானமான, தூங்குகிற மூச்சு.

ஓடியிருக்கலாம். வெளியே வெயில். வெயில் கூடாது. நாளைக்கு மகள் வருகிறாள். நாலு நாள் பத்தியத்தை ஒரு பயத்துக்காகக் கெடுப்பதா? அதோடு, வெளியே சொன்னால் வெட்கம், அந்த மூச்சு பக்கத்தில் இருந்தது ஒருவிதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. மல்லாந்து படுத்தாள். அந்தப் பக்கம் திரும்பாமல்.

ஞாயிறு, காலை பத்து மணி. அவள் குளியலறையில் இருந்தாள். துண்டை எடுக்கிற நேரம்.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

"அம்மா! எங்க இருக்கே? என்ன இது, வீடு சினிமா தியேட்டர் மாதிரி இருக்கு?"

'இதோ வர்றேன்டி' என்றாள். சத்தம் வரவில்லை. திரும்பச் சொன்னாள். ஏதோ உள்ளுக்குள்ளேயே மோதித் திரும்பியது.

காலடிச் சத்தம் குளியலறையைத் தாண்டிப் போனது. படுக்கையறைக்கு.

விளக்கு சுவிட்ச் தட்டும் சத்தம்.

"ஐயோ அம்மா!" மகள் சிரித்தாள். "எவ்வளவு நல்லா வந்திருக்கு! குழியே இல்லையே! தொட்டுப் பாக்கட்டா?"

"தொடு," என்றது அவளுடைய குரல். அந்த அறையிலிருந்து. தெளிவாக.

"எழுந்திரு. இன்னிக்கு ஓடக்கூடாது, சொல்லிட்டேன். பக்கத்துல வா. இன்னும் பக்கத்துல. ம், சிரி."

க்ளிக்.

கதவுத் தாழ்ப்பாளைத் தேடினாள். கிடைக்கவில்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது. கை கண்ணாடியில் பட்டது. துண்டு பட்டது. பிடித்து இழுத்தாள்.

கண்ணாடியில் துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையாக, ஒரு சுருக்கமில்லாமல், அவள் தலைமுடிக்குக் கீழே, அவள் கழுத்துக்கு மேலே.

குனிந்து பார்த்தாள்.

துண்டு கையில் இருந்தது.